காலை ஓ.பி.யில் தெரியாத நோய்: விதவிதமாக வரும் நரம்புக் கோளாறுகளை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சமாளிப்பது

என் அம்மைக்கு முதலில் வந்தது இடது கண் இமை தொங்கியதுதான். அதுவும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மட்டும். காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருக்கும், முற்றம் தூத்து, தண்ணீர் கோரி வைத்துவிட்டு அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போய்விடுவாள். ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே தாடை சோர்ந்துவிடும், ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மெல்லுவாள். கொஞ்ச நேரம் பேசினால் குரல் மூக்கால் வருவதுபோல ஆகும். "கண்ணு தொறக்க முடியல்ல மக்களே" என்று சீக்கிரம் படுத்துவிடுவாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் காலையில். ஓ.பி. காலையில்தானே. டாக்டர் முன்னால் உட்காரும்போது கண்ணும் சரியாக இருக்கும், பேச்சும் சரியாக இருக்கும். ஒருவர் கண்ணாடியை மாற்றினார், ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார், ஒருவர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். எட்டு மாதம் இப்படியே போனது.

நோயைப் பிடிக்க உதவியது ஸ்கேன் இல்லை, தம்பி ஒருநாள் ராத்திரி 8 மணிக்குப் போனில் எடுத்த ஒன்றரை நிமிட வீடியோ. அதைப் பார்த்த ஒரு இளம் டாக்டர் அம்மையைத் தலையை அசைக்காமல் மேலே உத்திரத்தையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள் இமை இறங்கிவிட்டது. கையுறையில் ஐஸ் போட்டு மூடிய கண்மேல் 2 நிமிடம் வைத்தார், இமை மேலே ஏறியது. மையஸ்தீனியா கிராவிஸ். நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்குகிற நோய், அதனால் தசையைப் பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்வு கூடும், ஓய்வெடுத்தால் திரும்ப வரும். காலையில் நன்றாக இருப்பதுதான் இந்த நோயின் அடையாளமே. அந்த அடையாளத்தை வைத்துத்தான் எட்டு மாதம் எங்களிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதை எழுதுவது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இதேபோல அலைந்துகொண்டிருக்கிற வீட்டுக்காரர்களுக்காக. நான் டாக்டர் இல்லை. ஆனால் நரம்பு நோய்களில் பாதி வேலை வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன், அந்தப் பாதியை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில், நோட்டு போடக் கூடாத நேரங்கள்

கீழே நோட்டு எழுது, வீடியோ எடு என்று நிறைய சொல்லப்போகிறேன். ஆனால் சில விஷயங்களில் எதையும் எழுதிக்கொண்டு நிற்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் தளர்வது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வை போவது, நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வது, இவை பக்கவாதம். அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாக வேண்டும், அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு மூளை மிஞ்சும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லுங்கள், டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், நடுவில் சி.டி. ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரியில் இறங்கி டிரிப் போட்டுக்கொண்டு கிடந்தால் நேரம் முடிந்துவிடும். போகிற வழியிலேயே போன் செய்து, சி.டி. இருக்கிறதா, கட்டி கரைக்கும் ஊசி போடுவீர்களா என்று கேட்டுவிட்டு அங்கே போங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரை ஏறி நுரையீரலுக்குள் போகும்.

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது ஒன்று நின்று நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால் அவசரம். கையில் சாவியும் வெட்டுக்கத்தியும் கொடுப்பதில் பயன் இல்லை. வலிப்பு தானாக நிற்கிற நேரத்தில் சாவி கொடுத்திருப்போம், சாவியால் நின்றது என்று நினைத்துக்கொள்வோம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், நேரம் பாருங்கள்.

அப்புறம் இன்னும் மூன்று. கால் பாதத்தில் மரமரப்பாகத் தொடங்கி ஓரிரு நாளில் பலவீனம் மேலே மேலே ஏறுவது, அது கியான் பாரி நோயாக இருக்கலாம், மூச்சுத் தசையைப் பிடிக்கும். இதுவரை வாழ்க்கையில் வராத கடுமையான தலைவலி நொடியில் உச்சத்துக்கு வருவது. விழுங்க முடியாமல் எச்சில் தேங்கி மூச்சும் ஏங்குவது. காலை வரை காத்திருக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

நோட்டும் வீடியோவும்

மற்றதற்கெல்லாம் ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, மணி, என்ன நடந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார், முடிந்த பிறகு எப்படி இருந்தார். தூக்கம் எத்தனை மணி நேரம், பெண்களுக்கு மாதவிடாய் தேதி, என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை. "கிறுகிறுப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள், அந்தச் சொல்லுக்குள் நாலு நோய் இருக்கிறது. அறை சுற்றியதா, கண் இருட்டியதா, கால் தள்ளாடியதா, தலை வெறுமையாக இருந்ததா என்று பிரித்து எழுதுங்கள். படுக்கையில் புரண்டால் மட்டும் ஒரு நிமிடத்துக்குள் அறை சுற்றி நிற்கிறது என்றால் பெரும்பாலும் காதுக்குள் இருக்கிற துகள் இடம் மாறியதுதான், தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பியே டாக்டர் சரிசெய்துவிடுவார்.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சில உதாரணம் சொல்கிறேன். காலையில் ஓடியாடுகிற பிள்ளை சாயங்காலம் பாதம் திருகி நடக்க முடியாமல் போகிறது என்றால், அது பிறவி மூளைவாதம் என்று பல வருடம் தவறாக ஒதுக்கப்படுகிற ஒரு டிஸ்டோனியாவாக, அதாவது தசை தானாக முறுக்கிக்கொள்கிற நோயாக, இருக்கலாம், லீவோடோபா என்ற மாத்திரை குறைந்த அளவிலேயே அந்தப் பிள்ளையை நடக்க வைத்துவிடும். கல்யாண வீட்டில் வயிறு நிறையச் சோறும் பாயசமும் சாப்பிட்டுப் படுத்த இளைஞன் விடியற்காலையில் கை காலை அசைக்க முடியாமல் கிடந்து, மத்தியானத்துக்குள் தானாகவே எழுந்து உட்கார்கிறான் என்றால், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம். முந்தின நாள் கடுமையாக உழைத்துவிட்டு ஓய்வெடுத்தாலும் இது வரும். ஆனால் அந்தப் பொட்டாசியத்தைக் கை கால் விழுந்து கிடக்கும்போதே பார்க்க வேண்டும், எழுந்து நடந்த பிறகு ரத்தம் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும், "நடிக்கிறான்" என்ற பேரும் கிடைக்கும். தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறிக்கிறது, தேயிலைத் தம்ளர் நழுவுகிறது, பரீட்சைக்கு விழித்துப் படித்த மறுநாள் அதிகம் என்றால், அது கவனக்குறைவு இல்லை, ஒருவகை வலிப்பு.

நேரத்தைவிட ஆச்சரியமானது இடம். இரண்டு நாளுக்கு மேல் நிற்காத விக்கலும் வாந்தியும் வந்தால் எல்லாரும் கேஸ் பிரச்சினை என்று எண்டோஸ்கோபி வரை போவார்கள், ஆனால் சிலருக்கு அது நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற மூளைத் தண்டுவட நோயின் முதல் அறிகுறி, அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்ததாகப் பார்வையோ காலோ போகும். 2004-ல் இதற்கான எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்த பிறகு ரத்தப் பரிசோதனையிலேயே பிடிக்க முடிகிறது. பார்கின்சன் நோய்க்குக் கை நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே கருவாட்டு வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கனவு கண்டு பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பது எல்லாம் வரலாம். மூன்றையும் மூன்று டாக்டரிடம் தனித்தனியாகச் சொல்லியிருப்போம், ஒரே நோட்டில் ஒன்றாக எழுதியிருக்க மாட்டோம்.

வீடியோ எடுக்கும்போது பதறாமல் முகமும் உடம்பு முழுதும் தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் எடுங்கள். வலிப்பு என்றால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எந்தப் பக்கம் முதலில் இழுக்கிறது என்பது முக்கியம். ஆள் நினைவோடு இருந்தால் பேர் கேளுங்கள், இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், நடக்கச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் நேரத்திலும் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பழைய கல்யாண போட்டோவும் உதவும், இமை எப்போதிருந்து இறங்கியிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

டாக்டர் முன்னால் அந்த ஐந்து நிமிடம்

நோட்டை அப்படியே நீட்டினால் யாராலும் வாசிக்க முடியாது. ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, இதுவரை என்ன மருந்து, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா. கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டாம், சில நோய்க்கு அதுதான் துப்பு. படிப்பில் நன்றாக இருந்த பையன் கையெழுத்து கோணி, பேச்சு குழறி, எச்சில் வடித்து, கோபக்காரனாக மாறினால் வில்சன் நோயா என்று பார்க்க வேண்டும். உடம்பில் செம்பு சேர்கிற நோய், கண் டாக்டர் ஸ்லிட் லாம்பில் கருவிழியைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறதா என்று பார்ப்பார், ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற செம்பைச் சுமக்கும் புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு பார்ப்பார்கள். நேரத்தோடு பிடித்தால் மருந்தில் கட்டுப்படும். விட்டால் ஈரல் போகும், ஆளும் போவார்.

குடிக்கிற கஷாயம், லேகியம், வர்ம ஆசானிடம் போட்ட எண்ணெய், நண்பர் சொன்ன பவுடர், எதையும் ஒளிக்காதீர்கள். நம்ம ஊர் வர்ம வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை, சுளுக்குக்கும் தசைவலிக்கும் என் வீட்டிலேயே தடவியிருக்கிறோம். ஆனால் பக்கவாதத்தின் முதல் மணி நேரங்களை அங்கே செலவழிக்கக் கூடாது, காரணம் தெரியாத கழுத்து வலிக்குக் கழுத்தை வெடுக்கென்று சொடுக்க விடவும் கூடாது, கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து அதனாலேயே வாதம் வரலாம்.

டெஸ்ட் எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த நோயை நினைத்து இதை எடுக்கிறோம் டாக்டர்?" பணிவாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். முதலில் எளிய ரத்தப் பரிசோதனைகள் முடிந்ததா என்று பாருங்கள்: சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், தைராய்டு, பி12. கால் மரமரப்பும் தள்ளாட்டமும் மறதியும் வெறும் பி12 குறைவால் வரும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைய வாய்ப்பு அதிகம். தோலில் உணர்ச்சியில்லாத தேமலோடு விரல் மடங்கினால் தொழுநோயா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், முழுதும் குணமாகும்.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்றால் நோயில்லை என்று அர்த்தமில்லை. இதை நான் சத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மையஸ்தீனியா எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. ஒற்றைத் தலைவலி தெரியாது. பார்கின்சன் சாதாரண ஸ்கேனில் தெரியாது. வலிப்பு இருப்பவர்களிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூளையின் மின் அலையைப் பதிகிற இ.இ.ஜி. முதல் தடவை நார்மலாகத்தான் வரும், தூக்கம் கெடுத்து எடுத்தால் அல்லது திரும்ப எடுத்தால் தெரியலாம். அம்மைக்கு முடிவைச் சொன்னது நரம்பைத் திரும்பத் திரும்ப மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கிற டெஸ்டும், ரத்தத்தில் அசிட்டைல்கோலின் ரிசெப்டர் எதிர்ப்பொருளும்தான். அப்புறம் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சில் சி.டி. எடுத்தார்கள், இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒருவருக்குக் கொஞ்சம் மேல் அது இருக்கும்.

"மனசுதான் காரணம்" என்று சொன்னால்

இதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது, இரண்டும் முக்கியம். ஒன்று, மூளை நோயே மனநோய் மாதிரி வரும். நன்றாக இருந்த இளம்பெண் ஓரிரு வாரத்துக்குள் தூக்கம் கெட்டு, யாரோ பேசுவதாகச் சொல்லி, சம்பந்தமில்லாமல் கத்தி, பிறகு வலிப்பும் வாய் அசைவுகளும் வந்தால் அது என்.எம்.டி.ஏ. எதிர்ப்பொருள் மூளை அழற்சியாக இருக்கலாம், 2007-ல்தான் உலகத்துக்கே தெளிவாகத் தெரிந்த நோய், சிலருக்கு சினைப்பையில் இருக்கிற ஒரு கட்டியால் வருகிறது. சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். பேய் பிடித்தது என்று கோயிலுக்கும் ஜெபவீட்டுக்கும் தர்காவுக்கும் கொண்டுபோகிறார்கள். பிரார்த்தனையை விட வேண்டாம், ஆனால் அன்றைக்கே நரம்பியல் டாக்டரிடமும் காட்டுங்கள், நாள் கடத்தாதீர்கள்.

இன்னொரு பக்கம், மூளையின் அமைப்பில் சேதமில்லாமல் அது வேலை செய்கிற விதத்தில் மட்டும் பிசகு வந்து கால் விழுவது, நடுக்கம், வலிப்பு போன்ற இழுப்பு எல்லாம் வரும், செயல்பாட்டு நரம்புக் கோளாறு என்று சொல்லலாம். இது நடிப்பு இல்லை. அவருக்குக் கால் உண்மையிலேயே வரவில்லை. டாக்டர் இதை எல்லாம் நார்மல் என்பதால் மட்டும் சொல்லக் கூடாது, சோதித்துப் பார்த்து, சொன்னால் கீழே அழுத்த முடியாத கால், அடுத்த காலைத் தூக்கும்போது தானாகக் கீழே அழுத்துவது போன்ற அடையாளங்களை வைத்துச் சொல்ல வேண்டும். இதற்கென்று தெரிந்த பிசியோதெரபியும் பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கிறது. "உனக்கு ஒன்றுமில்லை, எழுந்து நட" என்று வீட்டில் சொல்வது காலை இன்னும் கட்டிப்போடும்.

திருவனந்தபுரம் போவதும் செலவும்

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய நரம்பு ஆஸ்பத்திரி என்றால் ஸ்ரீ சித்திரைத் திருநாள்தான் நினைவுக்கு வரும். நாகர்கோவில், இரணியல், குழித்துறை என்று எங்கே ஏறினாலும் ரயிலில் போய் அன்றைக்கே திரும்பலாம். மருந்தில் அடங்காத வலிப்புக்கு மூளை அறுவை சிகிச்சை வரை அங்கே செய்கிறார்கள். ஆனால் நேராகப் போய் வரிசையில் நிற்காதீர்கள், இங்கே பார்க்கிற டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, பதிவு எப்படி என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். ஸ்கேனில் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் அது பதிவான டிஸ்க்கும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை தரும், ஆனால் போகிற ஆஸ்பத்திரியில், அதுவும் வேறு மாநிலத்தில், செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள். பார்கின்சனும், நரம்பு உறை சேதமாகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும், நாள்பட்ட நரம்பு நோய்களும் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இருக்கின்றன, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். படுத்த படுக்கையானவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே பிசியோதெரபி வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நோயோடு நாள் போக

நரம்பு மருந்துகளில் மணி முக்கியம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் போகிற நாளைவிடக் கூடுதலாகவே மாத்திரை கட்டிக்கொண்டு போக வேண்டும், படகில் இன்னொருவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வலிப்பு அடங்காதவர்கள் கடலுக்கே போகாமலிருப்பது நல்லது, பனை ஏறுவதும் குளத்தில் தனியாகக் குளிப்பதும் அப்படித்தான். கல்யாணம் பார்க்கிற பெண்ணுக்கு வால்ப்ரோயேட் மாத்திரை இருந்தால், கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற முடியுமா என்று கேளுங்கள், அது குழந்தையைப் பாதிக்கும். தானாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பார்கின்சனுக்கு லீவோடோபா சாப்பிடுகிறவர்கள் மீனும் பயறும் உள்ள சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள், புரதம் மருந்தை உள்ளே போகவிடாமல் தடுக்கும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் வெயிட் போடுகிறது என்று ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் மணிபர்சில் வைக்க வேண்டிய ஒரு மருந்து அட்டை. அம்மைக்கு நோய் தெரிந்து ஒரு வருடம் கழித்து மூத்திரத்தில் கிருமி என்று காய்ச்சல் வந்தது, பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சாதாரணமாகக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நாங்களும் நோயைச் சொல்ல மறந்துவிட்டோம். மூன்றாவது வேளை சாப்பிட்ட பிறகு கஞ்சி மூக்கு வழியாக வந்தது, அன்று ராத்திரி ஐ.சி.யு.வில் கிடந்தாள். அதற்குப் பிறகு மணிபர்சில் லேமினேட் செய்த ஒரு அட்டை வைத்திருக்கிறோம். நோயின் பெயர், சாப்பிடுகிற மருந்தும் அளவும், பார்க்கிற டாக்டரின் போன் எண், அதற்குக் கீழே சிவப்பு மையில், நரம்பு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாத மருந்துகள்: ஜென்டாமைசின், அமிகாசின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ப்ரோப்ரனலால், மெக்னீசியம் ஊசி. மையஸ்தீனியாவுக்கான பட்டியல் இது. உங்கள் வீட்டு நோய்க்கு எது கூடாது என்று அடுத்த முறை போகும்போது டாக்டரிடமே எழுதி வாங்குங்கள், பல் டாக்டரிடமும் காட்டுங்கள்.

இப்போது அம்மை பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போடுகிறாள். அது நாலு மணி நேரம் வரை தாங்கும். ஏழேகாலுக்கு மாத்திரை, எட்டு மணிக்குக் கிழங்கு. தாடையைக் கையால் பிடிக்காமல் சாப்பிட்டு முடிக்கிறாள், நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே தம்பி ஒரு டிக் போடுகிறான்.